தட்டு மாறும் முட்டை

கும்மிடிப்பூண்டியில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கேன்டீனில் புதன்கிழமைதோறும் அவித்த முட்டை உண்டு. புரட்டாசியில் என் முட்டை, என்னோடு பேக்கிங் பிரிவில் நிற்கும் கிறிஸ்தவ அக்காவின் தட்டுக்குப் போய்விடும். தவக்காலத்தில் அவருடையது என்னிடம் வரும். பெருமாளுக்காக நான் இருப்பதற்கும் பெயர் சைவம், ஏசுவுக்காக அவர் இருப்பதற்கும் பெயர் சைவம். சிவனை யாரும் கேட்டதில்லை.

போன தவக்காலத்தில், புதிதாக வந்த சூப்பர்வைசர் என் தட்டிலிருந்த இரண்டு முட்டைகளையும் அக்காவின் கழுத்திலிருந்த சிலுவையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அக்காவிடம் கேட்டார்.

“இன்னாம்மா, சைவமா ஆயிட்டியா? மதம் கிதம் மாறிட்டியா இன்னா?”

எனக்குச் சுருக்கென்றது. அக்கா சாம்பார் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“முட்டதான் சார் தட்டு மாறிக்கினு கீது. நாங்க அப்டியேதான் கீறோம்.”