மிக்கோ சட்டை மாற்றியதை இப்ராஹிம் பாய் பார்க்கவில்லை

செவ்வாய்க்கிழமை ரோலா பஸ் நிலையத்தில் துபாய் பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோது போன் வந்தது. லீவில் ஊருக்குப் போன இப்ராஹிம் பாய் மௌத்தாகிவிட்டாராம். நெஞ்சுவலி. "அடப்பாவமே" என்று வாய் சொன்னது. அடுத்த நொடியே, இனி ஸ்கோர் எழுதும் நாற்காலி நமக்குத்தான் என்று மனசு சொன்னது. பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அழுதேன். எங்கள் ஐஸ் ஸ்கேட்டிங் ரிங்கில் அவரோடு வேலை பார்த்த உங்களிடம் இதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

எனக்கு இரண்டு வருஷம் கழித்து வேலைக்கு வந்தவர் அவர். வெள்ளிக்கிழமை நடக்கும் ஐஸ் ஹாக்கி லீக்குக்கு ஸ்கோர் எழுத மேனேஜர் அவரை உட்காரவைத்தார். பக்கத்தில் எனக்குக் கடிகாரம் ஓட்டும் வேலை. விசில் அடித்தால் நிறுத்தணும், ஆட்டம் தொடங்கினால் ஓட்டணும். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கீழக்கரைக்காரர், ஐஸை சர்பத்தில் மட்டுமே பார்த்து வளர்ந்தவர். ஆனால் அமெரிக்கத் தொழில்முறை லீக்கின் சாதனைப் பட்டியலை முழுசாக ஒப்பிப்பார். கோல் அடித்தவருக்கு ஒரு புள்ளி, அதற்குப் பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டைத் தள்ளிக் கொடுத்தவருக்கும் ஒரு புள்ளி என்பது அந்த ஆட்டத்தின் வழக்கம். "முதலிடத்துல இருக்கிறவரு ஒரு கோல்கூட அடிக்கலைன்னே வச்சுக்குங்கண்ணே. தள்ளிக் கொடுத்ததை மட்டும் கூட்டினாலும் அவருதான் முதல்" என்பார். ஆட வரும் கனடாக்காரர்கள் வாயைப் பிளப்பார்கள். நானும் ஒரு மாதம் பேப்பர் வாங்கி மனப்பாடம் செய்தேன். சொல்லிக் காட்டப் போனால், "இப்ராஹிம் எங்கே?" என்று கேட்டார்கள்.

ஹெல்மெட்டுக்குள் ஆளின் முகம் தெரியாது. நான் முதுகில் உள்ள நம்பரைப் பார்ப்பேன். "காலைப் பாருங்கண்ணே, ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு மாதிரி வழுக்குறான்" என்பார். பார்த்தேன். எனக்கு எல்லாக் காலும் ஒரே காலாகத்தான் தெரிந்தது.

ஒரு வருஷம் லீக்கின் கடைசி ஆட்டத்தில், அதிகப் புள்ளி எடுத்தவருக்குத் தரும் கோப்பைக்கு பீட்டர், மிக்கோ என்ற இரண்டு ஆட்டக்காரர்களுக்குள் போட்டி. மிக்கோவுக்கு மூக்கில் அடிபட்டது. ரத்தம் பட்ட சட்டையோடு ஆடக் கூடாது. முட்டி வலியால் வெளியே உட்கார்ந்துவிட்ட நண்பனின் பன்னிரண்டாம் நம்பர் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். என் கண்ணெதிரில்தான் போட்டான். பாய் குனிந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தார். பிறகு மிக்கோ தள்ளிக் கொடுத்து ஒரு கோல் விழுந்தது. அப்போதும் பாய் குனிந்தே இருந்தார். ரெஃப்ரி பன்னிரண்டு என்றார், பாய் பன்னிரண்டு என்றே எழுதினார். மிக்கோவுக்கு ஒரு புள்ளி போயிற்று, கோப்பை பீட்டருக்குப் போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. மாட்டட்டும், பெரிய மேதாவி என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை அவரே மிக்கோவுக்குப் போன் போட்டுக் கேட்டிருக்கிறார். முட்டி வலிக்காரன் எப்படி வட்டைத் தள்ளினான் என்று இரவெல்லாம் உறுத்தியதாம். நேராக லீக் நடத்துபவரிடம் போய், "தப்பு என்னோடது" என்று சொல்லித் திருத்திவிட்டார். பீட்டர் கோப்பையைத் தானே கொண்டுவந்து மிக்கோவிடம் கொடுத்தான். இரண்டு பேரும் பாயைத் தோளில் தூக்கினார்கள். தப்புச் செய்தவரைத் தூக்குகிறார்கள்! சரியாகப் பார்த்தவன் நான், ஓரமாக நின்றேன்.

மத்தியானம் சாப்பிடும்போது கேட்டார்.

"மிக்கோ சட்டை மாத்துனது உங்க பக்கந்தானேண்ணே? பாக்கலையா?"

"நான் கிளாக்கைப் பாத்துட்டிருந்தேன் பாய்."

"அதானே. பாத்திருந்தா நீங்க சொல்லாம இருப்பீங்களா?" என்று தன் பிரியாணியில் இருந்த முட்டையை எடுத்து என் தட்டில் வைத்தார். அதையும் தின்றேன்.

பார்த்தேன் பாய். பார்த்துவிட்டுத்தான் சும்மா இருந்தேன்.

போன வெள்ளிக்கிழமை அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். கடிகாரத்துக்குப் புதிதாக ஒரு நேபாளிப் பையனைப் போட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் அவனைக் கேட்கலாம். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. பார்த்துவிட்டு மறைப்பானோ என்று பயம். பாயின் கெட்டிக்காரத்தனத்தின் மேல் இருந்த பொறாமை அவரோடு போய்விட்டது. பக்கத்தில் இருந்த என்னை நம்பி முட்டையை எடுத்து வைத்தாரே, அந்த மனசின் மேல்தான் இப்போது பொறாமை. அவர் நினைவாக என்னிடம் இருப்பது இந்தப் பொறாமை ஒன்றுதான்.