குங்கிலியம் பூசிய பெல்ட்

பிள்ளைகளா, உங்கள் மாமா மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. ஏன் என்று நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

உங்கம்மாவுக்குத் திருநெல்வேலியில் பித்தப்பை ஆபரேஷன். செவ்வாய்க்கிழமை காலையில் வெறும் வயிற்றோடு வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து நம் பழைய கார் ஸ்டார்ட் செய்ததும் கிறீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஹெட்லைட் போட்டால் கத்தல் கூடியது. அது பெல்ட் சத்தம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பெல்ட் தானாகக் கத்தாது. அது சுற்றுகிற ஏதோ ஒரு புல்லிச் சக்கரம் அதைக் கத்த வைக்கிறது. எது என்று திங்கட்கிழமை கடைக்கு லீவு விட்டுப் பார்ப்பதாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் கடையிலிருந்து வருவதற்குள் உங்கள் மாமா பானட்டைத் திறந்துவிட்டான். மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு எஞ்சின் பார்க்கிறவன். அங்கே பம்பு பெல்ட் உப்புத் தண்ணீர் பட்டு வழுக்கினால், படகு விரிசலுக்கு வைக்கிற குங்கிலியத்தைப் பொடித்துத் தேய்ப்பார்கள். பிடித்துக்கொள்ளும், கரை சேரலாம். அதையே என் காருக்கும் தேய்த்திருக்கிறான். வண்டியை ஸ்டார்ட் செய்து காட்டினான். சத்தமே இல்லை.

"ஏலே, யாரைக் கேட்டுக் கையை வச்ச?"

"சத்தம் போச்சுல்லா அத்தான். பெறவு என்னத்துக்கு ஏசுதிய?"

அதற்குள் தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டான். தம்பி நல்லதுக்குத்தானே செய்தான் என்று உங்கம்மா அவன் பக்கம் பேசினாள். கத்திக்கொண்டிருந்த வண்டி, கோளாறு இருக்கிறது என்றாவது சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது அதன் வாயைப் பொத்திவிட்டு அதில் உங்கம்மாவை ஏற்றச் சொல்கிறான்.

மறுநாள் காலையில் அவனைப் பிடித்து நிறுத்தி வைத்துக்கொண்டு பெல்ட்டைக் கழற்றினேன். உள்பக்க வரிப்பள்ளம் முழுக்கக் குங்கிலியம் அப்பியிருந்தது. ஒவ்வொரு புல்லியாகக் கையால் சுற்றினேன். தண்ணீர் பம்பு வழுவழுவென்று சுற்றியது. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டர் மட்டும் நறநறவென்று மண் அரைக்கிற மாதிரி இருந்தது, நடுவில் இறுகி நின்றது. பின்னால் செந்துருப் பொடி. உப்பளக் காற்றில் இத்தனை வருஷம் நிற்கிற வண்டி, பேரிங் போய்விட்டது. அவன் கையை இழுத்து அதன் மேல் வைத்தேன்.

"சுத்திப் பாரு. முன்னே இது இறுகும்போது பெல்ட் வழுக்கிச்சு, கத்திச்சு. இப்ப நீ வழுக்க விடாம ஒட்டி வச்சிருக்க. நாளைக்குத் திருநெல்வேலி போற வழியில, வல்லநாட்டுப் பக்கம் இது அப்படியே நின்னா என்னல ஆவும்?"

ரெண்டு தடவை சுற்றிப் பார்த்தான்.

"பெல்ட் அறுந்துரும்," என்றான், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அறுந்தா?"

"பம்பு நின்னுரும். எஞ்சின் கொதிச்சிரும்."

"வெறும் வயித்தோட உங்க அக்கா ரோட்டுல நிப்பா."

ஆட்டோ எலக்ட்ரீசியன் கடைக்கு ஆல்டர்னேட்டரை அவனையே சுமக்க வைத்தேன். பேரிங் மாற்றி, புது பெல்ட் போட்டு முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. பழைய பெல்ட்டைச் சுரண்டிப் போட்டுக்கொள்ளலாம் என்று நடுவில் ஒரு யோசனை சொன்னான். அவனை நான் பார்த்த பார்வையில் வெளியே போய் நின்றுகொண்டான்.

செவ்வாய்க்கிழமை விடியுமுன் கிளம்பினோம். உங்கம்மா முன் சீட்டில், அவன் பின்னால். வல்லநாட்டு மலை தெரிகிற இடத்தில் அவன் வாய் திறந்தான்.

"அக்கா, வண்டில சத்தமே இல்ல பாத்தியா. நான் அன்னைக்கே சொன்னம்லா."

அங்கேயே இறக்கிவிட்டிருப்பேன். வண்டியை நிறுத்தக் கூடாது என்பதற்காக மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன். உங்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வலிக்குது, சிரிக்க வைக்காதே என்று அவனைத்தான் ஏசினாள். ஆஸ்பத்திரிக்குச் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தோம்.

இன்று வரை கார் சாவியை அவன் கண்ணில் நான் காட்டுவதில்லை. நீங்களும் காட்டாதீர்கள்.