வழிமொழிய ஆளில்லாத தீர்மானம்

சின்னமனூர்ப் பக்கம் கால்வாய்ப் பாசனச் சங்கத்தின் கூட்டம் ஒரு காலத்தில் வேட்டி கிழியாமல் முடிந்ததில்லை. ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர் ஜெபமணி அங்கே தோப்பு வாங்கி, தலைவராகவும் ஆன பிறகுதான் ஒழுங்கு வந்தது. ஒருவர் தீர்மானத்தை முன்மொழிய வேண்டும், இன்னொருவர் வழிமொழிய வேண்டும். அப்புறம்தான் பேச்சு, கடைசியில் ஓட்டு. வழிமொழிய ஆளில்லை என்றால் பேச்சே கிடையாது.

கால்வாயின் கடைக்கோடியில் வயல் வைத்திருந்த கர்ணனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. யார் எதைச் சொன்னாலும் முதலில் எழும் கை அவருடையதுதான். வரப்புத் தகராறில் தன் சட்டையைப் பிடித்த பொன்னுராஜுக்குக்கூட வழிமொழிந்தார்.

"வழிமொழிஞ்சா ஒத்துக்கிட்டதா அர்த்தமில்லப்பா. என்னதான் சொல்றாகன்னு கேப்பமே" என்பார்.

மற்றவர்களுக்கு வசதியாகப் போயிற்று. யாரும் கையைத் தூக்கி யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி என்பது சும்மாவா?

இந்த வருஷம் மழை ஏய்த்துவிட்டது. கடைமடையில் கர்ணனின் நெல் பால் பிடிக்கும் நேரத்தில் வயல் வெடித்துக் கிடந்தது. போன போகமே மணி பிடிக்காமல் சாவியாகப் போனது. இதுவும் போனால் அவரும் மனைவி முருகம்மாளும் வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

கூட்டத்தில் எழுந்து நின்றார். "கடைமடைக்கு ஒரு முறைத் தண்ணி விடணும்னு முன்மொழியுறேன்."

"யாரு வழிமொழியுறீக?" என்றார் ஜெபமணி.

பழக்கதோஷம், எல்லாத் தலையும் கர்ணன் பக்கமே திரும்பியது. அவர் கையும் பாதி எழுந்துவிட்டது.

"ஒங்களுக்கு நீங்களே வழிமொழிய முடியாது கர்ணன்."

யாரோ சிரித்தார்கள். பொன்னுராஜ் ஃபேனைப் பார்த்தார். பக்கத்தில் முருகம்மாளின் தம்பி தங்கப்பாண்டி செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான். அவனுக்கு மேல்மடையில் வாழை.

"மாப்ள, நீயாவது சொல்லு. தண்ணி தர வேணாம், பேச மட்டும் விடச் சொல்லு."

அவன் நிமிராமலே முணுமுணுத்தான். "பேச விட்டா மனசு கேக்காது மச்சான். அப்பறம் குடுக்க வேண்டி வந்துரும்."

"தீர்மானம் விழுந்துருச்சு. அடுத்தது" என்றார் ஜெபமணி.

ஓட்டில் தோற்றிருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். ஒரு வார்த்தை பேச விடாததில் கர்ணனுக்கு உயிரே வெறுத்துப்போனது. செருப்பைத் தேடி வாசலுக்கு நடந்தார்.

உள்ளே பொன்னுராஜ் அடுத்த தீர்மானத்தைப் படித்தார். கடைமடை மதகுக்குப் புதுப் பூட்டு. யார் வழிமொழிவது என்று ஜெபமணி கேட்டு முடிக்கவில்லை, "நான் வழிமொழியுறேன்" என்று தங்கப்பாண்டியின் குரல் கணீரென்று கேட்டது.