தரையில வச்ச உப்பு

நான் பேய் பிசாசுக்குப் பயந்த பொம்பளை இல்லைங்க. கடலூர்ல எங்க ஊர் சுடுகாட்டுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற மணல்லதான் முப்பது வருஷம் கருவாடு காயவச்சேன். விடியறதுக்கு முன்னாடி ஒண்டியா போய் பாயை விரிப்பேன், ஒரு நாள் கூட எதுவும் என்னை ஏன்னு கேட்டதில்ல. யாராவது அங்க பார்த்தேன் இங்க பார்த்தேன்னு கதை சொன்னா, வேலை இல்லாதவங்கன்னு மனசுல நெனச்சுக்கிட்டு எழுந்து போயிடுவேன். இப்ப நீங்களும் அப்படி எழுந்து போனா நான் கோச்சுக்க மாட்டேன். அஞ்சாவதோட நிறுத்தினவ, அழகா எழுத வராது, நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

எம் மவன் செந்திலு சிதம்பரத்துல ஏசி, ஃபிரிட்ஜ் ரிப்பேர் பண்றான். தினம் கடலூர் ஓல்ட் டவுன்லேர்ந்து பஸ்ல போய் வர்றான். நாங்க இருக்கிறது ஒரே ரூம்பு, அதுல நான், அவன், மருமவ கவிதா, ரெண்டு பேத்திங்க. வெளியில ஒரு குழா, ஒரு கக்கூஸு, அதுக்கு ஆறு குடும்பம். கவிதா நாலு மணிக்கே எழுந்து குடத்தோட வரிசையில நிப்பா. கல்யாணம் ஆகி வந்த நாளா அந்தப் பொண்ணு கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், கதவு வச்ச ஒரு சமையக்கட்டு. வேற எதுவும் கேட்டதில்ல. அதனாலதான், எங்கிட்ட இருந்த ஒரே சொத்து, எங்க வூட்டுக்காரர் விட்டுட்டுப் போன கடலோரத்து மனை, அதை வித்துடலாம்னு நானே சொன்னேன். வித்த காசுக்கு டவுன்ல எதுவும் அகப்படாம செந்திலு அலைஞ்சிக்கிட்டு இருந்தப்பதான் சிதம்பரத்துல இந்த வூடு வந்துச்சு.

சின்னவளுக்கு ஜுரம், கவிதாவால வர முடியல. "அத்த, நீங்க பார்த்து சரின்னா எனக்கும் சரி"ன்னு சொல்லிட்டா. எனக்கு நாலு பேர் முன்னாடி பேசவே வராது, எந்தலையில இதைக் கட்டிட்டாளேன்னு நெனச்சிக்கிட்டே பஸ்ஸு ஏறினேன்.

வூடு இருக்கிற தெரு பேரைச் சொல்ல மாட்டேன், விக்கிறவங்க பொழப்புல மண்ணள்ளிப் போடக் கூடாது. ரயில்வே லைனுக்கு அந்தாண்ட, எங்களை மாதிரி ஆளுங்க வாங்கற மாதிரி ஏரியா. ஆனா வூடு அப்படி இல்ல. பெரிய கூடம், நடுவுல முத்தம், சுத்தி நாலு ரூம்பு, தனியா கதவு வச்ச சமையக்கட்டு, தேக்குத் தூணு, பின்னாடி கெணறு, ரெண்டு தென்னை. தூணைத் தட்டிப் பார்த்தேன், கரையான் இல்ல, கணீர்னு இருக்கு. சுவத்தைப் பார்த்தேன். எங்க ஊர் ஆளுங்க எந்த வூட்டுக்குப் போனாலும் மொதல்ல சுவத்தைத்தான் பார்ப்போம், வெள்ளம் எது வரைக்கும் ஏறி நின்னுதுன்னு கோடு தெரியும். கோடே இல்ல. கெணத்துத் தண்ணி எளநி மாதிரி இருக்கு. எல்லாம் சரியா இருக்கு, அதுதான் எனக்குப் பிடிக்கல. நல்ல வஞ்சிரத்தைப் பாதி வெலைக்கு ஒருத்தன் கொடுத்தா நான் செவுளைத் தூக்கிப் பார்க்காம வாங்க மாட்டேன்.

புரோக்கர் தம்பி சட்டைப் பையில மூணு பேனா சொருவிக்கிட்டு, நிக்கிற எடத்துல நிக்காம பேசிக்கிட்டே இருந்தாரு. ஏன் தம்பி இவ்ளோ கம்மியா தர்றாங்கன்னு மெதுவாத்தான் கேட்டேன்.

"வாரிசெல்லாம் ஃபாரின்ல ஆயா. வந்து பெருக்கக்கூட ஆளு இல்ல. உங்களுக்கு மனசு கேக்கலன்னா சொல்லுங்க, ஜாஸ்தியா கேக்கச் சொல்றேன்."

செந்திலு சிரிச்சான். நான் சிரிக்கல. இதுக்கு முன்னாடி யாரு குடியிருந்தான்னு கேட்டேன். காலேஜ் பசங்க ரூம்பு எடுத்துத் தங்கி இருந்தாங்களாம், எல்லாருக்கும் ஓட்டல் சாப்பாடு. அதுக்கு முன்னாடி ரொம்ப வருஷம் நோட்டு, பேப்பர் எல்லாம் அடுக்கி வச்ச குடோனு. "பொம்பளை பொழங்கின வூடே இல்ல ஆயா, சமையக்கட்டைப் பாருங்க, கரி இருக்கா?"ன்னாரு. நெஜம்தான், சுவரு வெள்ளையா இருந்துச்சு. சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் கொடுக்கணும், நாளைக்கு வேற பார்ட்டி வருதுன்னு வேற சொன்னாரு.

நான் கிளம்பும்போதே நாலு கொட்டாங்குச்சியும் ஒரு பை கல்லுப்பும் கொண்டு போயிருந்தேன். கருவாடு வைக்க எந்தக் கொட்டாயைப் பிடிச்சாலும் இப்படித்தான் பார்ப்போம். உப்பைத் தரையில வச்சு, கதவைச் சாத்திட்டு வந்துடணும். ஈரம் இருக்கிற எடமா இருந்தா உப்பு வேர்த்துப் போய் கெடக்கும், அந்த எடத்துல கருவாடு தங்காது. சுவத்துக்கு சுண்ணாம்பு அடிச்சு மறைக்கலாம், உப்பு கிட்ட மறைக்க முடியாது. நாலு ரூம்புலயும் ஒவ்வொண்ணு வச்சு, பூட்டிட்டு, சாவியை எஞ் சுருக்குப்பையில போட்டுக்கிட்டேன். புரோக்கர் தம்பிக்கு அது பிடிக்கல, ஆனா கொடுத்துட்டாரு.

பஸ் ஸ்டாண்டு பக்கம் சாப்ட்டுட்டு, கோயில் நடை சாத்தியிருந்ததால கீழ வீதி நெழல்ல உட்கார்ந்துட்டு, மூணு மணிக்குத் திரும்பினோம். பூட்டை நான்தான் தொறந்தேன். மொத ரூம்புல கொட்டாங்குச்சி இல்ல. ரெண்டாவதுலயும் இல்ல. நாலுலயும் இல்ல. நீங்க நம்புவீங்களோ என்னவோ, சமையக்கட்டுல அடுப்பு மேடைக்கு மேல ஒரு பலகை இருக்கு, அதுல இருந்துச்சு. நாலு ரூம்பு உப்பையும் ஒரே கொட்டாங்குச்சியில கூட்டி வச்சு, இன்னொண்ணால மூடி, மிச்சம் ரெண்டையும் கழுவிக் கவுத்து வச்சிருந்துச்சு. சுத்தி தண்ணி சொட்டு.

எனக்கு மொதல்ல வந்தது கோவம்தான். இன்னொரு சாவி வச்சிருக்கியா தம்பின்னு கேட்டேன். புள்ளை மேல சத்தியம்னாரு. அதுவும் இல்லாம அவரு எங்ககூடவேதான் சாப்ட்டாரு. செந்திலு எம் முகத்தைப் பார்த்துட்டு, "யம்மா, நீயே எடுத்து வச்சிட்டு மறந்துட்டியா?"ன்னான். அவன் கேலியா கேட்டிருந்தா பரவால்ல, நெசமாவே கேட்டான்.

ரெண்டு பேரையும் டீ குடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பிட்டேன். கொல்லைக் கதவுக்கு உள்பக்கம் தாப்பாப் போட்டு, அதை இழுத்தும் பார்த்தேன். உப்பைத் திரும்ப நாலு பங்கு போட்டு நாலு ரூம்புலயும் தரையில வச்சேன். கூடத்துல வாசக்கதவுல முதுகைச் சாய்ச்சு உட்கார்ந்துக்கிட்டேன். என்னைத் தாண்டாம எவனும் வர முடியாது, ஜன்னலுக்கும் முத்தத்துக்கு மேலயும் கம்பி. நல்ல வெயில், முத்தத்துல வெளிச்சம் கொட்டுது, பயப்பட என்ன இருக்கு. யாரு வந்தாலும் கையைப் பிடிச்சிடணும்னுதான் உட்கார்ந்திருந்தேன். ஒரு ரயிலு போச்சு. அது போய் சத்தம் அடங்கினதும் சமையக்கட்டுலேர்ந்து டொக்குன்னு ஒரு சத்தம். பாத்திரம் கழுவிக் கவுத்தா வருமே, அது. கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டொக்கு.

எழுந்து போய்ப் பார்த்தேன். ஆள் இல்ல. ஆனா உப்பு பலகை மேல இருக்கு, மூடி இருக்கு, ரெண்டு கவுத்து இருக்கு, கையில தொட்டேன், சில்லுன்னு ஈரம். சமையக்கட்டுல குழா கெடையாதுங்க. தண்ணி வேணும்னா கெணத்துக்குத்தான் போகணும். கொல்லைக் கதவுல நான் போட்ட தாப்பா போட்டபடி இருக்கு.

அப்பதான் எனக்கு ஒறைச்சிச்சு. எங்க வூட்ல கவிதா ஒரு தடவ தரை தொடைக்கறப்ப உப்பு ஜாடியைக் கீழ வச்சிட்டா, உப்புன்னா லட்சுமி, அதைத் தரையிலயா வைக்கிறதுன்னு நான் கடிஞ்சேன். அதே நான், இந்த வூட்டைக் கருவாட்டுக் கொட்டாயா நெனச்சு ரெண்டு தடவ உப்பைத் தரையில வச்சிருக்கேன். அது அங்க யாருக்கோ பொறுக்கல. சமைச்சதே இல்லாத வூட்ல அது யாரு?

செந்திலு வந்து, "என்னம்மா, உப்பு என்ன சொல்லுது?"ன்னு கேட்டான். உப்பு ஒரு பொட்டு கசியல, அவ்ளோ காஞ்ச வூடு. நான் வேணாம்டான்னேன். ஏன்னு கேட்டான். ஈரம், சுவரு பூரா ஈரம்னு சொன்னேன். கருவாட்டுக்காரி சொன்னா அவன் மறுபேச்சு பேச மாட்டான். புரோக்கர் தம்பி தலையில அடிச்சிக்கிட்டாரு. உப்பைக் கொட்ட மனசு வரல, அங்க விட்டுட்டு வரவும் என்னவோ போல இருந்துச்சு, மூடின கொட்டாங்குச்சியோட பையில வச்சு எடுத்துட்டு வந்துட்டேன். அது தப்போ என்னவோ.

கவிதா கிட்டயும் ஈரம்னுதான் சொன்னேன். "பரவால்ல அத்த"ன்னா. மறுநாள் நாலு மணிக்கு அவ குடம் எடுத்துட்டுப் போற சத்தத்தைப் படுத்தபடியே கேட்டுக்கிட்டு இருந்தேன். அந்த உப்பை அவ பார்த்துடக் கூடாதுன்னு, கட்டிலுக்கு அடியில டிரங்குப் பொட்டிக்குப் பின்னாடி, தரையில தள்ளி வச்சிருந்தேன்.

ஐப்பசி மழை பிடிச்சிக்கிச்சு. எங்க பக்கம் மழை வந்தா எந்த வூட்டு உப்பும் தண்ணியா நிக்கும். ஒரு நாள் காலையில கவிதா சோறு வடிச்சிட்டு எங்கிட்ட வந்து உள்ளங்கையை நீட்டினா. கையில உப்பு, பொலபொலன்னு, வெயில்ல கெடந்து வந்த மாதிரி.

"அத்த, இது சிதம்பரத்துக்கு எடுத்துட்டுப் போன உப்புதானே?"

ஆமான்னேன்.

"ஈரமான வூடுன்னு சொன்னீங்க."

அவ சண்டை போடல. "மறைக்கணும்னா எதுக்கு அத்த அடுப்புக்கு மேல பலகையில, உப்பு ஜாடி பக்கத்துலயே மூடி வச்சீங்க? தண்ணி பிடிச்சிட்டு வந்ததும் கண்ணுல பட்டுதே"ன்னா. நான் அதைப் பொட்டிக்குப் பின்னாடியிலேர்ந்து எடுக்கவே இல்லைங்க. செந்திலும் எடுக்கல, பேத்திங்களும் எடுக்கல, தனித்தனியா கேட்டுட்டேன்.

அன்னிக்கு எல்லாத்தையும் அவகிட்ட சொல்லிட்டேன். அவ கேட்டுட்டு கையில இருந்த உப்பைக் கொட்டாங்குச்சியிலயே போட்டு மூடி வச்சா. அப்புறம், "அந்த வூடு இன்னும் விக்காம இருக்குமா அத்த?"ன்னு கேட்டா.

புரோக்கர் தம்பிகிட்ட நான் இன்னும் கேக்கல. கொட்டாங்குச்சி இப்பவும் அடுப்புக்கு மேலதான் இருக்கு. ஒரே ஒரு தடவ அதைத் திரும்பத் தரையில வச்சிட்டு, யாரு எடுத்து மேல வைக்கிறாங்கன்னு கண்ணு மூடாம உட்கார்ந்து பார்த்துடலாம்னு தினம் தோணுது. கை வர மாட்டேங்குது.