காலஞ்சென்றவர்களுள் மூன்றாவது பெயர்

இதனை எழுதிவைக்க வேண்டிய கடமை எனக்கு உண்டு. சென்ற மார்கழியில், ஆங்கில ஆண்டு முடியும் தறுவாயில், நான் செய்த பிழையொன்றை வேறொருவர் தலையில் ஏற்றினேன். உண்மை தெரிந்த பின்னும் அதனை மறைத்தேன். அந்நாள்களைத் தொடர்ந்தும் நினைவில் வைத்திருப்பேன் என்ற உறுதி எனக்கு இப்போது இல்லை. ஆகவே நினைவு இருக்கும்போதே எழுதுகிறேன். ஆட்பெயர் எதனையும் குறிப்பிடவில்லை. பெயர்களிலேதான் நான் தவறினேன்.

எங்கள் பகுதியில் ஒருவர் இறந்த முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை நடைபெறும். அன்று உறவினர்க்கு வழங்கும் நினைவு நூலைக் கல்வெட்டு என்போம். ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்றபின், இணுவிலிலும் அயலூர்களிலும் பல குடும்பங்களுக்கு நான் கல்வெட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒற்று மிகும் இடம், மிகா இடம் ஆகியவற்றில் எவருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

மார்கழித் தொடக்கத்தில், புத்தூரில் வாழ்ந்த என் மனைவியின் மூத்த தமையனார் காலமானார். உடன்பிறந்தோர் நால்வருள் இருவர் முன்னரே மறைந்தவர்கள். எஞ்சியிருப்பவள் என் மனைவி ஒருத்தியே. அவர்க்குரிய கல்வெட்டையும் நானே எழுதினேன்.

ஆண்டு முடிவதற்கு முதல்நாட் காலை, பிழை பார்ப்பதற்காக அச்சகத்திலிருந்து வந்த மெய்ப்பைச் சாப்பாட்டு மேசையில் விரித்து மனைவி வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இஞ்சேருங்கோ, என்னையும் அண்ணையோடை அனுப்பிப்போட்டியள் போலக் கிடக்கு," என்றாள்.

வாங்கிப் பார்த்தேன். ‘காலஞ்சென்றவர்களான’ என்ற சொல்லை அடுத்து மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது அவளுடையது.

"அப்ப இந்தப் புட்டை அவிச்சது ஆர், பேயோ?" என்று கேட்டேன்.

அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். "உது அச்சகத்துப் பிள்ளையின்ரை வேலை. கண்ணை மூடிக்கொண்டு அடிச்சிருக்கு," என்றேன். உடனே உரிமையாளரைத் தொலைபேசியில் அழைத்து உரத்த குரலில் முறையிட்டேன்.

மறுநாட் காலை அச்சகம் சென்றேன். நான் ‘பிள்ளை’ என்று குறித்த, எழுத்துக் கோக்கும் பெண்மணி ஐம்பது வயதைக் கடந்தவர். என் கையெழுத்தை நெடுங்காலமாக வாசித்துப் பழகியவர். என்னைக் கண்டதும், நான் எழுதிக் கொடுத்த தாளை எடுத்து முன்னே வைத்தார்.

மூன்று பெயர்களும் என் கையெழுத்திலேயே இருந்தன. இடையிடையே காற்புள்ளி இட்டிருந்தேன். ‘அன்புச் சகோதரரும்’ என்பதில் ஒற்று முறைப்படி மிகுந்திருந்தது. இருப்பவளை இறந்தவளாக்கிய அவ்வரியில் இலக்கண வழு ஒன்றேனும் இல்லை. தாளின் மூலையில் தேநீர்க் குவளையின் வட்டக் கறை தெரிந்தது. அந்தத் தேநீரைக் கொண்டுவந்து வைத்தவள் அவளே. அதனை அருந்திக்கொண்டே அவ்வரியை எழுதியிருக்கிறேன்.

"அம்மா இருக்கிறா எண்டு உமக்குத் தெரியாதோ?" என்று என் மனைவியைக் குறித்துக் கேட்டேன்.

"தெரியும் ஐயா. போன கிழமையும் சந்தையிலை கண்டு கதைச்சனான்."

"தெரிஞ்சும் ஏன் அப்பிடியே அடிச்சீர்?"

"முந்தி ஒருக்கா நான் ஒரு ‘க்’ கூடப் போட்டதுக்கு, ஆக்களுக்கு முன்னாலை என்னை எப்பிடிப் பேசினியள்? அண்டையிலை இருந்து உங்கடை தாளிலை நான் கை வைக்கிறேல்லை."

அவ்வேளை உரிமையாளர் உள்ளே வந்தார். "ஐயா, நேற்று உவவுக்கு நல்லாய்ப் பேசிப்போட்டன். இனி உப்பிடி நடவாது," என்றார். அப்பெண்மணி விசைப்பலகையைப் பார்த்தபடி இருந்தார். உரிமையாளரின் கூற்றை நான் திருத்தவில்லை. தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியேறினேன்.

பேருந்தில் என்னை நானே சோதித்தேன். மனைவியின் பெயர், அவள் பிறந்த நாள், எங்கள் திருமணத்துக்கு வந்தவர்கள், மணவறையில் அவள் உடுத்த சேலையின் நிறம், எல்லாம் தடையின்றி வந்தன. அது எனக்கு ஆறுதல் தரவில்லை. அன்று எழுதும்போது கேட்டிருந்தாலும் இவை அனைத்தும் வந்திருக்கும். ஆயினும் கை அவ்வாறு எழுதியது. ஒருநாள் தேநீர் கொண்டுவருபவளைப் பார்த்து, "நீர் ஆர்?" என்று கேட்டுவிடுவேனோ என்ற எண்ணம் எழுந்தது. இறங்கவேண்டிய தரிப்பிடத்தைத் தாண்டிச் சென்றுவிட்டேன். அது நினைவின் பிழையா, அச்சத்தின் விளைவா என்று அறியேன்.

ஆண்டு முடியும் நாளில், பழைய நாட்காட்டியின் கடைசித் தாளைக் கிழித்து, அவ்வாண்டு கற்ற பாடத்தை அதன் பின்புறம் எழுதிவைப்பது என் வழக்கம். முன்னொரு தாளில், ‘சொல் தூயதாயின் சிந்தை தூயதாகும்’ என்று எழுதியிருக்கிறேன். அன்று மாலை அதனை எடுத்து வாசித்து, கவிழ்த்து வைத்தேன். அயலில் பிள்ளைகள் வெடி கொளுத்தினர். மனைவி புதிய நாட்காட்டியைச் சுவரில் மாட்டினாள். என் தாள் வெறுமையாகவே இருந்தது.

ஆங்கிலப் புத்தாண்டு நாளான தை முதலாம் நாட் காலை அந்தக் கையெழுத்துத் தாளை அவள் முன் வைத்தேன்.

"பிழை என்ரை. அந்தப் பிள்ளையின்ரை இல்லை," என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"எட்டுச்செலவு முடிஞ்ச அடுத்த நாள் என்னட்டைக் கேட்டனீங்கள், கொண்ணருக்கு இருமல் குறைஞ்சுதாமோ எண்டு."

நான் ‘கொண்ணர்’ என்று குறித்த அந்தத் தமையனாரின் எட்டுச்செலவை, எட்டாம் நாட் சடங்கை, முன்னின்று நடத்தியவன் நான்.

"நீ என்ன சொன்னனி?"

"குறைஞ்சிட்டுது எண்டன். வேறை என்னத்தைச் சொல்லுறது?"

அவ்வாறு கேட்டது எனக்கு நினைவில்லை, இன்றுவரை இல்லை. நான் ஒரு நாள் மறைத்த அச்சத்தை அவள் பல நாள்களாக மறைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள்.

"எனக்கும் பயம்தான். அதுக்காக உயிரோடை செத்தவீடு கொண்டாடேலாது. அந்தியேட்டி முடியட்டும், டொக்டரிட்டைப் போவம்," என்றாள். ‘மருத்துவர்’ என்று திருத்த வாய் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

மறுநாள் இருவரும் அச்சகம் சென்றோம். உரிமையாளர் முன்னிலையில் பிழை என்னுடையது என்று கூறி, அப்பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் மனைவியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அம்மா இருக்கிறா, அது காணும், வேறையொண்டும் வேண்டாம்," என்றார். பின்னர் தயங்கி, "அப்ப ஐயா, ஏழாம் பக்கத்திலையும் ஒண்டு கிடக்கு. சொல்லட்டோ?" என்று கேட்டார். பேரப்பிள்ளை ஒருவரின் பெயரை இரண்டு இடங்களில் எழுதியிருந்தேன்.

அந்தியேட்டி நிறைவேறியது. திருத்திய கல்வெட்டை என் மனைவியே தன் கையால் வந்தோர்க்கு வழங்கினாள். மருத்துவரிடம் செல்ல இன்னும் நான்கு நாள்கள் உள்ளன. ஒவ்வொரு காலையும் அவள் பெயரை உரக்கச் சொல்லியே அவளை அழைக்கிறேன். அடுத்த காலை அப்பெயர் நாவில் வருமோ என்று அஞ்சியபடியே அழைக்கிறேன். இதற்குமுன் அவளைப் பெயர் சொல்லி அழைத்தது அரிது.

இக்கட்டுரையையும் அதே பெண்மணியே எழுத்துக் கோக்கிறார். ஐயம் தோன்றும் இடமெல்லாம் கேட்குமாறு வேண்டியிருக்கிறேன். படிப்போரிடமும் அதனையே கேட்கிறேன். ஒற்று விடுபட்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாள் மாறியிருப்பினும், சொன்னதையே மீண்டும் சொல்லியிருப்பினும், இருப்பவர் எவரையேனும் இல்லாதவராக எழுதியிருப்பினும், எனக்குத் தயங்காது அறிவியுங்கள். என்னிடம் கூறத் தயக்கமெனின் என் மனைவியிடம் கூறுங்கள். அவள் இருக்கிறாள்.