அக்காவின் பதிவேடும் நான் நிறுத்திவைத்த கடிதங்களும்

அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து ஓராண்டு நிறைகிறது. இந்நினைவு மலரைப் பெறும் ஒவ்வொருவரும் அவரை ஏதோ ஒரு வகையில் அறிந்தவர்களே. ஆயினும் அவரைக் குறித்து நான் சொல்லவேண்டியவற்றுள் ஒன்று உங்களில் எவருக்கும் தெரியாது. வரலாற்றை வரிசையாகச் சொல்லி, அதை உரிய இடத்தில் வைக்கிறேன்.

அப்பா இராணுவ அலுவலகத்தில் எழுத்தராக நாசரேத்திலிருந்து சிகந்திராபாத்தை அடுத்த போலாரத்துக்கு வந்த மறு ஆண்டு அக்கா பிறந்தார். அப்பா மணந்தது தம் சொந்த அத்தை மகளை. அக்கா கணிதம் பயின்று, சிகந்திராபாத்தில் ஒரு பள்ளியில் ஆசிரியையானார். இருபத்தாறாம் வயதில், காலில் செருப்பு நிற்காமல் கழன்று விழத் தொடங்கியது. பிறகு மாடி வகுப்புகளை விட்டார், பிறகு ஊன்றுகோல், பிறகு சக்கர நாற்காலி. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் அரிய பரம்பரை நோய் என்று தெரிவதற்குள் அவருக்கு நாற்பது கடந்துவிட்டது. அதற்குள், சிறுவயதுக் காய்ச்சலின் விளைவு என்று அம்மா உறவினருக்குச் சொல்லியிருந்தார். அதை நாங்கள் திருத்தவில்லை.

அக்கா பணி ஓய்வு பெற்ற ஆண்டு, அவரைப் பார்த்துவந்த நரம்பியல் மருத்துவர் ஒரு குறையைச் சொன்னார். இந்நோய்க்கு மருந்து தேடுபவர்கள், நோயாளிகள் எத்தனை பேர், எங்கே, எந்த வயதில் என்று கேட்கிறார்கள். சொல்வதற்கு யாரிடமும் பட்டியல் இல்லை என்றார். மறுவாரமே அக்கா பதிவேட்டைத் தொடங்கினார். ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருந்த என்னிடம் படிவம் தயாரிக்கச் சொன்னார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"என்னல இது, போல்ட்டு எண்ணுததுக்கா? மனுசன் நிரப்பணும்ல."

எட்டுப் பக்கம் இரண்டானது. இரத்த உறவில் வேறு யாருக்கேனும் இந்நோய் உண்டா என்ற கேள்வியை மட்டும் எடுக்கக்கூடாது என்று நான் வாதாடினேன். அது இல்லாவிட்டால் பதிவேட்டுக்குப் பொருளே இல்லை என்றேன்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாக் குடும்பங்களும் நின்றுவிடும். வீட்டில் மணமாகாத பெண் இருக்கிறாள் என்பார்கள். ஒரு தாயிடம் அக்கா தொலைபேசியில் பேசியது நினைவிருக்கிறது: "நக்கோம்மா, வேண்டாம், பேரே வேண்டாம். உங்க மகளுக்கு ஒரு நம்பர்தான். ஒண்ணாம் நம்பர் நான் எடுத்துட்டேன், அது மட்டும் கிடைக்காது." மறுமுனையில் அந்த அம்மாள் சிரித்தது எனக்குக் கேட்டது. ஒரு விதியையும் அவர் வைத்திருந்தார்: ஒரு குடும்பத்துக்கு ஒருமுறைதான் சொல்வது, வராவிட்டால் இரண்டாம் முறை கேட்பதில்லை. கூச்சம் அவர்களுடையது, அவகாசமும் அவர்களுடையது என்பார்.

ஒருநாள் அக்கா, "ஊருக்கெல்லாம் சொல்லிட்டு நம்ம சொந்தத்துக்கே சொல்லலையேல" என்றார். உறவினர் ஒவ்வொருவருக்கும் கடிதம் எழுதினார். தமக்கு வந்தது காய்ச்சலால் அன்று, பரம்பரையாக வருவது; நம் குடும்பத்தில் சொந்தத்திலேயே மணம் முடிப்பதால் பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும்; யாருக்கேனும் நடை தடுமாறினால் உடனே தெரிவிக்க வேண்டும். இவ்வளவே செய்தி. விரல்கள் ஒத்துழைக்காத நிலையில், கையெழுத்திட மட்டுமே ஆறு நாட்கள் ஆயின. உறைகளை ஒட்டி, அஞ்சலில் சேர்க்க என்னிடம் தந்தார்.

அப்போது என் மகளுக்கு நிச்சயதார்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. நான் அவற்றை அலமாரியில் வைத்தேன்.

"தபால்ல போட்டாச்சால?"

"போட்டாச்சுக்கா."

திருமணம் முடியட்டும் என்று எண்ணினேன். முடிந்தது. பிறகு, தாமதத்துக்குக் காரணம் சொல்லவேண்டி வரும் என்பதால் அனுப்பவில்லை. உறவினர் எவரும் வாய் திறக்காததை அக்கா கூச்சம் என்றே கொண்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, மருத்துவமனை வழியாக லோத்குண்டாவிலிருந்து ஒரு படிவம் வந்தது. தொடர்புக்கென இருந்த நோயாளியின் தந்தை பெயரைக் கண்டதும் அக்கா என்னைப் பார்த்தார். அவர் எங்கள் சித்தப்பா மகன், நாங்கள் தம்பி என்றே அழைப்பவர். அவரும் சொந்தத்தில் மணந்தவர். அவர் மகனுக்கு மூன்று ஆண்டுகளாக முதுகுவலி என்று சொல்லி, வேண்டாத மாத்திரைகள் கொடுத்திருந்தார்கள். அவற்றால் பையனின் முகமே ஊதியிருந்தது. அன்று மாலையே தம்பி தொலைபேசியில் அழைத்தார். நான் பக்கத்தில் இருந்தேன்.

"அக்கா, உங்களுக்கும் இதேதானா? எங்களுக்குத் தெரியவே தெரியாதே!"

"தெரியாதாக்கும்! நல்லா நடிக்கியேல நீ. படிச்சவனுக்கு எதுக்குல இந்தப் புத்தி? போனைப் பையன்கிட்ட குடு."

கடிதம் என்ற சொல்லை அவர் உச்சரிக்கவில்லை. சொன்னதை நினைவூட்டுவது அவர் வழக்கமன்று. நான் ஒரு வாக்கியம் பேசியிருந்தால் போதும். பேசவில்லை. அதன்பின் வாழ்ந்த மூன்று ஆண்டுகளும், தம்பி மகனோடு அக்கா வாரந்தோறும் பேசினார்; தம்பியோடு பேசவில்லை. கடைசியில் மூச்சுத்தசைகள் தளர்ந்து, மருத்துவமனையில் ஒன்பது நாட்கள் இருந்தார். அப்போதும் நான் சொல்லவில்லை. நோயாளியைக் கலங்கச்செய்யலாகாது என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன்.

இதை எழுதுமுன் என் மகளிடம் சொன்னேன். அவள் கணவர் வீட்டாரும் வாசிப்பார்களே என்றேன். "வாசிக்கட்டும்ப்பா. என்கிட்ட குடுத்திருந்தா, கல்யாணப் பத்திரிகையோட சேர்த்து நானே போஸ்ட் பண்ணிருப்பேன்" என்றாள்.

உறவினர்களே, உங்கள் பெயருக்கு அக்கா எழுதிய உறை இம்மலருடன் உங்களிடம் வருகிறது. பிரித்து வாசியுங்கள். பிள்ளைகளின் நடையைக் கவனியுங்கள். பதிவேட்டை இப்போது மருத்துவமனை நடத்துகிறது.

அக்காவை இறுதிவரை மதிப்போடு நடத்திய மருத்துவருக்கும், பதினோரு ஆண்டுகள் அவரைத் தூக்கி அமர்த்திய பணிப்பெண்ணுக்கும், ஜெபித்த சபையாருக்கும், தங்கள் குடும்பத்தின் உண்மையை ஓர் அந்நியரிடம் நம்பிச் சொன்ன ஒவ்வொரு நோயாளிக்கும் என் நன்றி.

அக்காவின் சவப்பெட்டியைத் தோளில் சுமந்த தம்பிக்குத் தனியே சொல்லவேண்டும். கல்லறைத் தோட்டத்தில் நீ என்னிடம், "அண்ணே, அக்கா ஏன் எங்கிட்ட ஒரு வார்த்தைகூடப் பேசாமப் போனாங்க? நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டாய். நீ ஒன்றும் செய்யவில்லை. உனக்கு அவர் எழுதினார். அது உன்னை வந்து சேரவில்லை என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.