தையல் முடியாத டாப்பு

சென்ற செவ்வாய்க்கிழமை காலை லாரித் தார்ப்பாய் ஒன்றுக்கு விளிம்பு மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்துப் பட்டறை கலியபெருமாள் அண்ணனின் மகள் வள்ளியிடமிருந்து போன் வந்தது. "சித்தப்பா, அப்பா போயிட்டாங்க" என்றாள். விடிகாலையில் நெஞ்சு வலிக்கிறது என்றிருக்கிறார்; ஆஸ்பத்திரி வாசல்வரைகூட உயிர் தங்கவில்லை. கோட்டுச்சேரியில் அவர் பட்டறைக்கும் என் கடைக்கும் நடுவே ஒரே சுவர். அன்று அந்தப் பக்கம் சுத்தியல் சத்தமே கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கலியபெருமாள் அண்ணன் கோட்டுச்சேரிமேட்டு மீனவர் வீட்டுப் பிள்ளை. கடலுக்குப் போகாமல் வெல்டிங் கற்றுக்கொண்டு, நசுங்கிய வண்டிகளை நிமிர்த்தும் டிங்கர் வேலைக்கு வந்தவர். கோபம் வந்தால் அவர் குரல் உயராது. பேச்சில் 'ங்க' கூடும். அவர் அளவுக்கு மீறி மரியாதை கொடுத்தால், கேட்பவர் ஜாக்கிரதையாக இருந்துகொள்ள வேண்டும்.

அவரை அறியாதவர்களுக்கு அந்தக் காரைப் பற்றிச் சொன்னால் போதும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய ஒருவர் கப்பலில் கொண்டுவந்த பழைய கார் அது. இரண்டே கதவு, தோல் சீட்டு, முகப்பில் பளபளக்கும் மரப்பலகை. சுனாமி ஒரு பைபர் படகைத் தூக்கி அதன் கூரைமேல் வைத்துவிட்டுப் போனது. நசுங்கிக் கிடந்த அதை ஒரு லாரி முதலாளி வாங்கினார். அவர் பெயரை எழுதி அண்ணனுக்கான இந்த அஞ்சலிக் கட்டுரையை அழுக்காக்க எனக்கு விருப்பமில்லை. கூரையை அறுத்தெறிந்து, மேலே திறந்த காராக மாற்றித் தர வேண்டும் என்றார்.

பார்த்தவர்கள் ஒரு மணி நேர வேலை என்றார்கள். அண்ணன் மூன்று நாள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். "கூரைதான் தம்பி இதுக்கு முதுகெலும்பு. சும்மா அறுத்தா நடுவுல தொங்கிடும், கதவு சாத்தாது. மேல எடுக்கறத கீழ குடுத்துடணும்" என்றார். முதலில் கதவு வாசல்களில் குறுக்கே கம்பி வைத்துப் பற்ற வைத்தார். அடியில் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் கொடுத்தார். அப்புறம்தான் அறுத்தார். நாலு மாதம் கழித்து ஒற்றை விரலால் கதவைத் தள்ளினார், சத்தமில்லாமல் மூடிக்கொண்டது.

மழை வந்தால் விரித்து மூடிக்கொள்ளும் மடக்கு டாப்பு முதலில் பேசிய வேலையில் இல்லை. அண்ணனாகத்தான் கேட்டார்: வள்ளி கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்கு இந்தக் காரைக் கொடுத்தால், டாப்பு தன் செலவு என்று. முதலாளி பட்டறையில் பத்துப் பேர் முன்னால் சரி என்றார். அண்ணன் கம்பியை வளைத்துக் கூடு செய்தார், நான் அதற்குக் கித்தான் தைக்க ஆரம்பித்தேன்.

அழைப்பு அன்று சாயங்காலம் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை மாலையோடு நிற்கிறார், மேளம் நிற்கிறது, சம்பந்தி வீட்டார் பாதையைப் பார்க்கிறார்கள். கார் வரவில்லை. டிரைவர் மட்டும் சைக்கிளில் வந்தார். "ஐயா அனுப்ப முடியாதுன்னுட்டாருண்ணே. தோல் சீட்டுல மீன் வாடை ஏறிட்டா போவாதாம்" என்று தலையைக் குனிந்துகொண்டார். அண்ணன் முகம் கறுத்துவிட்டது. ஆனால் டிரைவரிடம், "சரிங்க. நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க" என்றார். மாப்பிள்ளை நடந்தே வந்தார். பந்தியில் சம்பந்தி வீட்டார் அதைச் சொல்லிச் சிரித்ததை வள்ளி கேட்டாள், அண்ணனும் கேட்டார்.

டாப்பு மறு வாரமே தயார். கூடும் கித்தானுமாக என் கடைப் பரணில் ஏறியது. ஐப்பசி பிறந்து முதலாளி ஆள் அனுப்பியபோது அண்ணன் எழுந்து நின்று, "இன்னும் தையல் முடியலங்கன்னு சொல்லுங்க" என்றார். அடுத்த மழைக்கும் அதே பதில். முதலாளி சென்னையிலிருந்து வரவழைத்த ஆள் தைத்துக் கொடுத்த டாப்பு, வண்டி வேகமெடுத்ததும் பிய்த்துக்கொண்டு வயலில் விழுந்தது. அண்ணன் செய்த கூடு இல்லாமல் அந்தக் காரில் எதுவும் நிற்காது.

போன வருஷம் முதலாளியின் மகனுக்குக் கல்யாணம், அதுவும் ஐப்பசியில். முதலாளியே பட்டறைக்கு வந்தார். பழையதை மனதில் வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். அண்ணன் நாற்காலியைத் துடைத்துப் போட்டார், டீ வரவழைத்தார். "தையல்தாங்க முடியல" என்றார். பாரதியார் வீதியில் ஊர்வலம் பாதி வருவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. பட்டு வேட்டி உடம்போடு ஒட்டி, மாலை நார் நாராகத் தொங்க, மாப்பிள்ளை திறந்த காரில் குறுகி உட்கார்ந்திருந்தார். "புள்ள என்னா பண்ணும், பாவம்" என்றார் அண்ணன். எனக்குப் பாவமாக இல்லை. கண் குளிரப் பார்த்தேன்.

அண்ணன் இறந்த செவ்வாய்க்கிழமை சாயங்காலம், பாடை கட்டியாகிவிட்டது, தூறல் விடவில்லை. அந்தக் கார் தெருவில் வந்து நின்றது, பூ அலங்காரத்தோடு. முதலாளி மாலையுடன் இறங்கினார். அண்ணனை இதிலேயே கொண்டுபோகலாம் என்றார். இறந்தவரிடமாவது நல்ல பெயர் வாங்கிவிடலாம் என்ற எண்ணம். தெருவே வள்ளியைப் பார்த்தது. அவள் அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். அப்பாவின் குரல் அப்படியே இருந்தது.

"வேணாங்க. சீட்டுல மீன் வாடை ஏறிடுங்க."

முதலாளி மாலையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். நான் கடைக்கு ஓடிப் பரணிலிருந்து டாப்பை இறக்கினேன். மூன்று வருஷத் தூசியை உதறி, பாடைக்கு மேலே விரித்துப் பிடித்தோம். முன் மூலையைப் பிடித்தவர், அன்று நடந்து வந்த மாப்பிள்ளை. இரண்டு பேர் உட்காரும் காருக்கு அளவெடுத்த டாப்பு, அண்ணனின் இடுப்புவரைதான் எட்டியது. முகம் நனையாமல் போய்ச் சேர்ந்தார். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தேன், காரின் தோல் சீட்டில் தண்ணீர் தேங்கி நின்றது.

காரியம் முடிந்ததும் டாப்பைக் கேட்டு முதலாளி ஆள் அனுப்புவார், தெரியும். நாற்காலியைத் துடைத்துப் போடுகிறேன், டீயும் வாங்கித் தருகிறேன். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள் அண்ணே. நான் இருக்கும்வரை தையல் முடியாது.